முதல் கேள்வி யாருடையது? ‘ஒரு நிமிட வழிகாட்டி’யும் ‘ஸ்னாப்ஸ்’ முறையும்

நோயாளியைப் பார்த்துவிட்டு வரும் மருத்துவ மாணவர் விவரங்களை ஒப்பிக்க, மேற்பார்வை மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லி, மருந்தை எழுதிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவது வார்டுகளில் வேரூன்றிய பழக்கம். மாணவர் என்ன யோசித்தார் என்பது அங்கே வெளிப்படுவதே இல்லை. இக்குறையைப் போக்க எழுந்த முறைகளுள் 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் வெளியிட்ட ‘ஒரு நிமிட வழிகாட்டி’யும், தன் ஆறு படிகளின் ஆங்கில முதலெழுத்துகளால் பெயர் பெற்று 2003இல் வெளிவந்த ‘ஸ்னாப்ஸ்’ (SNAPPS) முறையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கவை.

முதல் முறையின் ஐந்து படிகளும் மேற்பார்வையாளருக்கு உரியவை: மாணவரை ஒரு முடிவு சொல்லவைத்தல், அதற்கான காரணத்தைக் கேட்டல், ஒரு பொதுவிதியைக் கற்பித்தல், சரியாகச் செய்ததைப் பாராட்டுதல், பிழையைத் திருத்துதல். கற்றுக்கொள்ள எளிது, கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவிலும் கைகொடுக்கும்.

ஸ்னாப்ஸின் ஆறு படிகளையோ மாணவரே நடத்துகிறார். நோய் வரலாற்றைச் சுருக்கி, சாத்தியமான நோய்களை இரண்டு மூன்றாகக் குறுக்கி, அவற்றை ஒப்பிட்டு, தமக்குள்ள ஐயத்தை மருத்துவரிடம் கேட்டு, சிகிச்சையைத் திட்டமிட்டு, பின்னர் படிக்க வேண்டியதையும் அவரே தேர்ந்தெடுக்கிறார். மூச்சுத்திணறலோடு வந்த ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். “இரு கால்களிலும் வீக்கம் இருப்பதால் இதயச் செயலிழப்பு என எண்ணுகிறேன், ஆனால் காய்ச்சல் இருப்பதால் நிமோனியாவை ஒதுக்க முடியவில்லை, எக்ஸ்ரேயில் இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?” என்று மாணவர் கேட்கும்போது, மருத்துவர் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வியே காட்டிவிடுகிறது. 2009இல் வெளியான, மாணவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், ஸ்னாப்ஸ் பயின்றோர் தம் நோயறிதல் சிந்தனையையும் ஐயங்களையும் மற்றவர்களைவிட மிகுதியாக வெளிப்படுத்தினர். “எனக்குத் தெரியவில்லை” என்பதை வெட்கமின்றிச் சொல்ல இடம் தருவது நோயாளியின் பாதுகாப்புக்கும் தேவை என்பதால், இதையே அம்முறையின் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

ஆயினும் ஸ்னாப்ஸில் பாராட்டுக்கும் திருத்தத்துக்கும் தனிப் படி இல்லை. மாணவருக்கும் முன்பயிற்சி வேண்டும். வார்டில் புதிதாகக் கால்வைத்தவரிடம் முதல் நாளே ஆறு படிகளையும் எதிர்பார்ப்பது அவரைத் திணறடிக்கும் என்பதால், அவருக்கு ஒரு நிமிட வழிகாட்டியே பொருத்தம். நோயாளிகளைத் தாமாக விசாரித்துப் பழகியவரிடம் ஸ்னாப்ஸை ஒப்படைத்து, முன்னதன் கடைசி இரு படிகளையும் அதனோடு சேர்த்துக்கொள்ளவே நான் பரிந்துரைப்பேன். எம்முறையைக் கையாண்டாலும், மாணவர் சொன்னதை மட்டும் நம்பிவிடாமல் மேற்பார்வையாளரும் நோயாளியை நேரில் பார்த்தாக வேண்டும்.