ஆல்டோ கிளாரினெட் சுருதி விலகினால்: நெக்கை இழுப்பதா, மவுத்பீஸை மாற்றுவதா, டேப் ஒட்டுவதா?

பள்ளிப் பேண்டு அலமாரியில் ஆல்டோ கிளாரினெட் (வழக்கமான கிளாரினெட்டைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம்) ஒன்று இருந்தால், பெரும்பாலும் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். காரணம் கேட்டால் "சுருதி சேரல சார்" என்பார்கள். நல்ல வாத்தியம், கனிந்த குரல். இந்த ஒரு குறையால் அதை ஒதுக்கி வைப்பது எனக்குப் பொறுப்பதில்லை. சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் பக்கத்துத் தெருவில் பழுது பார்க்க ஆள் கிடைக்க மாட்டார், ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோதான் போக வேண்டும். அதற்கு முன் நம் கைக்கு எட்டும் வழிகளை எடை போட்டுப் பார்ப்போம்.

எல்லோரும் முதலில் தொடுவது நெக். வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸையும் உடலையும் இணைக்கும் அந்த வளைந்த உலோகக் குழாயைச் சற்று வெளியே இழுத்தால் குழல் நீண்டு சுருதி இறங்கும். செலவே இல்லை. நம் ஊர்ச் சூட்டுக்கு இது தேவைதான். குழலுக்குள் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரை ஸ்வரம் என்பது 100 சென்ட்). 22 டிகிரிக்குக் குளிரூட்டிய மண்டபத்தையும் மத்தியானம் 33 டிகிரியில் வேகும் தகரக் கூரைக் கொட்டகையையும் ஒப்பிட்டால், கணக்குப்படி 30 சென்டுக்கு மேல் வித்தியாசம். ஊதும் மூச்சே குழலைச் சூடாக்குவதால் நடைமுறையில் இது குறையும், ஆனால் காதுக்குத் தெரியாமல் போகாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பேண்டு சுருதி சேர்ப்பது வழக்கமாக பி ஃபிளாட்டில். இ ஃபிளாட் வாத்தியமான (எழுதிய சி-யை ஊதினால் இ ஃபிளாட் ஒலிக்கும்) ஆல்டோவில் அது எழுத்துக்கு ஜி, அதாவது ஒரு விரலும் வைக்காமல் ஊதும் ஸ்வரம். அப்போது ஒலிக்கும் குழல் நீளம் குறைவு. அதனால் நெக்கைக் கொஞ்சம் இழுத்தாலே இந்த ஜி சட்டென்று இறங்கிவிடும். எல்லா விரலும் மூடும் கீழ் ஸ்வரங்கள் அந்த அளவு இறங்காது. சுருதி காட்டும் டியூனரில் ஜி சரியாக நிற்கும், கீழே எல்லாம் ஏறியே இருக்கும். பிள்ளை "நான் சரியாத்தான் ஊதுறேன்" என்று சொன்னால் நம்புங்கள். திறந்த ஜியோடு நிற்காமல், இடது கையின் கட்டைவிரலும் மூன்று விரலும் வைத்து ரெஜிஸ்டர் சாவியை (மேல் ஸ்தாயிக்குத் தாவ வைக்கும் சாவி) அழுத்தி மேல் ஜியையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்துதான் நெக்கை நிறுத்த வேண்டும்.

மவுத்பீஸ், அதில் கட்டும் ரீட் என்ற மெல்லிய நாணல் தகடு, இவற்றை மாற்றுவது காசு பிடிக்கும் வழி. ஆனால் பழைய பள்ளி வாத்தியம் என்றால் நெக்குக்கும் முன்னால் இதைத்தான் சந்தேகப்படுவேன். கூட வந்த மவுத்பீஸ் எப்போதோ தொலைந்து, பொருந்தாத வேறொன்று மாட்டியிருக்கும். மவுத்பீஸின் உள்ளறை பெரிதானால் சுருதி இறங்கும், அதுவும் குறுகிய குழல் ஸ்வரங்களில் அதிகமாக. ரீட் மெல்லியதாக இருந்தாலும் சுருதி தொய்யும். ஆல்டோ கிளாரினெட் ரீட் கிடைக்காமல் ஆல்டோ சாக்ஸபோன் ரீட் போடுவோர் உண்டு. ஓரம் பிதுங்காமல் உட்கார்ந்தால் தப்பில்லை.

ஒன்றிரண்டு ஸ்வரம் மட்டும் ஏறியிருந்தால் என் ஓட்டு டேப்புக்கும் தக்கைக்கும்தான். ஏறிய ஸ்வரம் எந்தத் துளை வழியாக வெளியேறுகிறதோ, அதன் மேல் விளிம்பில், மவுத்பீஸ் பக்கமாக, கறுப்பு ஒயர் டேப்பைப் பிறை வடிவில் வெட்டி ஒட்டுங்கள். நகத்தின் நுனி அளவு போதும். ஒரே துளை கீழ் ஸ்வரத்துக்கும் அதற்குப் பன்னிரண்டாவது மேல் ஸ்வரத்துக்கும் வேலை செய்வதால், ஒன்றைத் திருத்தியதும் மற்றதையும் ஊதிப் பார்த்தாக வேண்டும். ஆல்டோவில் விரல் துளைகளையும் பெரும்பாலும் பேட்தான், அதாவது சாவியோடு அசையும் மெத்தை மூடிதான், மூடுகிறது. சாவிக்கு அடியில் மெல்லிய தக்கை வைத்து பேட் திறக்கும் உயரத்தைக் குறைத்தாலும் சுருதி இறங்கும். அளவு மீறினால் நாதம் அடைத்துக்கொள்ளும். இரண்டு வேலையிலும் எனக்குப் பிடித்தது, பிடிக்காவிட்டால் பிய்த்து எறிந்துவிடலாம் என்பதே.

இறங்கிய ஸ்வரத்தை ஏற்ற, துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் யோசனைக்கு நான் உடன்படவே மாட்டேன். சுரண்டிய மரம் திரும்பி வராது. அதுவும் அந்த இறக்கத்துக்குக் காரணம் பல நேரம் பேட்டில்தான் இருக்கும்: பக்கத்தில் ஒரு பேட் போதுமான உயரம் திறக்காமல் இருக்கும். பேட்டுகள் சரியாக மூடுகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். சிகரெட் சுருட்டும் தாளை மெல்லிய கீற்றாக வெட்டி பேட்டுக்கு அடியில் வைத்து, சாவியை லேசாக மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கினால் அங்கே காற்று கசிகிறது. ஏறிய ஸ்வரத்தை உதட்டைத் தளர்த்திச் சமாளிப்பதும் ஒரு வழிதான், ஆனால் முழுக் கச்சேரிக்குப் பிள்ளையின் வாய் தாங்காது.

தொண்டை பி ஃபிளாட் (கீழ் ஸ்தாயியின் உச்சியில், எழுத்துக்கு பி ஃபிளாட்டாக வரும் ஸ்வரம்) மட்டும் மங்கி, இறங்கி ஒலித்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். பல மாடல்களில் அந்த ஸ்வரமும் மேல் ஸ்தாயி திறப்பும் ஒரே சின்ன ரெஜிஸ்டர் துளையை நம்பி இருக்கின்றன. எச்சிலும் தூசியும் சேர்ந்து அது அடைத்திருக்கும். பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் துடைத்துவிட்டு ஊதுங்கள். அதற்கும் தெளியாவிட்டால், ஈப்போவுக்குக் கொண்டுபோக வேண்டிய வேலை அது.