ஒரு ரூபாய் கிரெடிட் ரிப்போர்ட் டிரையல்: எடுத்துப் பார்த்ததும் ரத்து செய்ததும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரிப்போர்ட் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இந்த டிரையல் பக்கமே போக வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு அவர்கள் தருவதில் பெரும்பகுதி நமக்கு விதிப்படி சும்மாவே வர வேண்டியது. ஆப்பின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிற ஆப்கள் வேறு சிலவும் இருக்கின்றன, பெயரை வைத்துத் தப்பிக்க முடியாது.

காரைக்குடியில் வீட்டோடு சேர்ந்த சின்னப் பலகாரத் தொழில் எங்களுக்கு. தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, கல்யாண சீசனில் அதிரசம். ஆர்டர் கூடிவிட்டதால் மெஷின் வாங்கலாம் என்று பேங்கில் லோன் கேட்டேன். மேனேஜர் திட்ட அறிக்கையைக்கூடத் திறக்கவில்லை, "சிபில் எடுத்துப் பாத்துட்டீங்களா சார்?" என்றுதான் ஆரம்பித்தார். சிபில் என்று அவர் சொன்னது கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் அறிக்கையும் அதற்கான மார்க்கும். நாட்டில் இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்க ரிசர்வ் வங்கி அனுமதி பெற்றவை நான்கு கம்பெனிகள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். அன்று ராத்திரியே போனில் தேடினால் மேலே வந்து நின்றது இந்த ஆப்பின் விளம்பரம். ஏழு நாளைக்கு ஒரு ரூபாய், நான்கு கம்பெனி ஸ்கோரும் ஒரே இடத்தில், யாராவது உங்கள் பெயரில் லோன் கேட்டால் உடனே அலர்ட்.

சேருவது சுலபம், குறையே சொல்ல முடியாது. பான் நம்பர், பிறந்த தேதி, மொபைலுக்கு வரும் ஓ.டி.பி., அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு ரூபாய் கட்ட யு.பி.ஐ. திரை வரும். அங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் ஒரு ரூபாய். கீழே 'ஆட்டோபே' என்று ஒரு வரி, அதற்கும் கீழே 'அதிகபட்சத் தொகை' என்று இன்னொரு எண், அது ஒரு ரூபாய் இல்லை. எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்றால் மாதம் ஒரு தடவை, முடிவுத் தேதி என்னவென்றால் என் பேரன் கல்யாணம் வரைக்கும் ஓடும் போல இருக்கிறது. பின் நம்பரை அடித்தால் நாம் ஒரு ரூபாய் மட்டும் கொடுக்கவில்லை, மாதாமாதம் அந்தத் தொகை வரைக்கும் எடுத்துக்கொள்ள அனுமதியும் கொடுக்கிறோம். நான் தெரிந்தேதான் அடித்தேன், இந்த விமர்சனத்துக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 300-க்கும் 900-க்கும் நடுவில் ஸ்கோர், அதற்குக் கீழே ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகக் கட்டங்கள், தவணை தேதியைத் தாண்டி எத்தனை நாள் போயிருக்கிறது என்று. கட்டம் முழுக்க சைபராக இருந்தால் நிம்மதி. எனக்கு ஒரு பழைய நகைக்கடன், பணத்தைக் கட்டி நகையை மீட்டு ரசீதும் கையில் இருக்கிறது, ஆனால் ரிப்போர்ட்டில் இன்னும் நடப்புக் கடனாக நிற்கிறது. ஆத்தங்குடியில் டைல் பட்டறை வைத்திருக்கும் மச்சானிடம் அவர் ரிப்போர்ட்டையும் பார்க்கச் சொன்னேன். யாருக்கோ எப்போதோ போட்ட ஜாமீன் கையெழுத்து அவர் பெயரில் உட்கார்ந்திருந்தது, அந்த ஆள் தவணை தவறினது உட்பட. ஜாமீன்தானே என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு தடவையாவது இதை எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. லோன் கேட்டு பேங்க்காரர்கள் எடுத்துப் பார்ப்பதுதான் கணக்கில் வரும்.

அடுத்தது ரத்து செய்யும் படலம். சேரும் பொத்தான் முதல் திரையில் பச்சையில் மின்னுகிறது, ரத்து செய்யும் பொத்தானைத் தேடிப் பிடிக்க வேண்டும். ப்ரொஃபைலில் இல்லை, பேமெண்ட்டில் இல்லை, 'உதவி' என்பதற்குள் போய் 'என் பிளான்' என்ற கேள்வியைத் தொட்டால் சாட் திறக்கிறது. சாட்டில் இருப்பது மனிதர் இல்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்கிறது, காரணம் சொன்னால் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறது, வேண்டாம் என்றால் உங்கள் ஸ்கோரை இனி யார் காவல் காப்பார்கள் என்று பயமுறுத்துகிறது. கடைசித் திரையில் 'தொடர்கிறேன்' பெரிதாக, 'ரத்து செய்' சாம்பல் நிறத்தில் சின்னதாக. இந்த மாதிரி வித்தைகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. வித்தைகளை 13 வகையாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் சந்தாவில் சிக்கவைப்பதும் ஒன்று. போட்டது ஒரு பக்கம், சாம்பல் பொத்தான் ஒரு பக்கம்.

ஆப்பில் ரத்து செய்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. மச்சான் போன் போட்டு, "மாப்ள, ஆப்பையே தூக்கிட்டேன், இனிமே காசு எடுக்க மாட்டான்ல?" என்றார். தாராளமாக எடுப்பான். நாம் கொடுத்த அனுமதி ஆப்பில் இல்லை, பேங்க் கணக்கில் இருக்கிறது. யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும், அங்கே ரத்து செய்து பின் நம்பர் அடிக்க வேண்டும். பக்கத்திலேயே தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பொத்தானும் இருக்கும், அதை அழுத்திவிட்டு வந்துவிடாதீர்கள், அது மறுபடி உயிர் பெறும். கார்டு கொடுத்திருந்தால் பேங்கின் நெட்பேங்கிங்கில் இதே வேலை. ரெண்டு இடத்திலும் ரத்தான திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்கு குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வந்தாக வேண்டும், வேண்டாம் என்று விலகவும் வழி இருக்க வேண்டும். நல்ல விதி, எனக்கும் வந்தது. ஆனால் எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஆச்சி பெயரில் கணக்கு இருக்கும், அதோடு இணைத்த நம்பர் சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் இருக்கும். அவன் பார்த்து, கூப்பிட்டு, ஆச்சி போனை எடுத்து விவரம் புரிவதற்குள் பணம் போய்விடும். அதனால் எஸ்.எம்.எஸ்.ஸை நம்பிக் காத்திருக்காமல் ரிப்போர்ட்டை இறக்கிய கையோடு ரத்து செய்துவிடுவதுதான் சரி.

இப்போது ஓசி விஷயத்துக்கு வருவோம். 2017 ஜனவரியிலிருந்து இந்த நான்கு கம்பெனிகளும் ஆளுக்கு ஒரு முழு ரிப்போர்ட், ஸ்கோரோடு, வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நான்கு பேரிடமும் வேறு வேறு மாதத்தில் கேட்டால் மூன்று மாதத்துக்கு ஒன்று கையில் இருக்கும். கேட்க வேண்டிய இடம் அந்தந்தக் கம்பெனியின் சொந்த வெப்சைட். அங்கேயும் கட்டண பிளானை முன்னால் நீட்டலாம், இலவச ஆண்டு ரிப்போர்ட் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்துத் தொடுங்கள். டிரையலில் பெருமையாக விற்கிற அந்த அலர்ட் இருக்கிறதே, அதுவும் 2024 ஏப்ரலிலிருந்து விதியில் இருக்கிறது. ஏதாவது பேங்க் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தால், உங்கள் மொபைலோ மெயிலோ பதிவில் இருக்கும்பட்சத்தில், கிரெடிட் கம்பெனி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். தவறைத் திருத்தித் தருகிறோம் என்று இன்னொரு பிளான் விற்கிறார்கள். புகார் கொடுக்கக் காசு கிடையாது, 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் அவர்கள்தான் நமக்குத் தர வேண்டும். என் நகைக்கடன் விஷயத்தை இந்த வழியில்தான் ரசீதோடு போட்டிருக்கிறேன்.

இந்த வியாபாரம் நம்ம ஊரில் பிறந்ததும் இல்லை. அமெரிக்காவில் இலவச ரிப்போர்ட் என்று விளம்பரம் செய்து, 30 நாள் டிரையல் முடிந்ததும் 79.95 டாலர் எடுத்த எக்ஸ்பீரியனின் கிளை நிறுவனம் ஒன்றின் மேல் அங்குள்ள வணிக ஆணையம் வழக்குப் போட்டு, 2005-ல் 9,50,000 டாலரும் வாடிக்கையாளர்களுக்கு ரீஃபண்டும் என்று சமரசத்தில் முடிந்தது.

டிரையல் யாருக்கும் உதவாது என்று சொல்ல மாட்டேன். வீட்டு லோனுக்கு அலைகிறவர், நான்கு ஸ்கோரையும் ஒரே நாளில் ஒரே திரையில் பார்க்க நினைக்கிறவர், ரத்து செய்யும் பொறுமையும் உள்ளவர் என்றால் ஒரு ரூபாய்க்கு நஷ்டமில்லை. ரிப்போர்ட்டுக்கு ஐந்துக்கு நான்கு, ரத்து செய்யும் வழிக்கு ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் ஆட்டோபேயை நாமே வெட்ட முடிகிறது என்பதற்காக.

ரத்து செய்த பிறகும் உங்கள் பான் நம்பரும் ரிப்போர்ட்டும் அவர்களிடம் இருக்கும், கணக்கை அழிக்கத் தனியாக மெயில் போட வேண்டும். நான் போட்டிருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பர்சனல் லோன் வேண்டுமா சார் என்று காலையில் அடுப்படியில் நிற்கும்போது வருகிற போன் மட்டும் இன்னும் நிற்கவில்லை.