உப்புநீரில் எந்தப் பூச்சு நிற்கும்?

மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1-இல் தொடங்கியதும் குளச்சல் பக்கத்து விசைப்படகுகள் பழுதுபார்ப்புக்குப் போகும். எங்கள் படகின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினால், கடல்நீர் உள்ளே வராமல் அடைக்கும் பேக்கிங் கயிறு சுற்றும் இடத்தில் நகம் மாட்டும் ஆழத்துக்கு நாலைந்து வளையங்கள். இடையில் எஃகின் மேல் பூசிய குரோம் கண்ணாடிபோல் பளபளக்கிறது. ஓரத்தில் ஊசிமுனைப் புள்ளி ஒன்றிலிருந்து துரு கசிந்திருக்கிறது. லேசாகத் தட்டியதும் செதிலாக உதிர்ந்தது.

குரோம் மோசமான பூச்சு அல்ல. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் கணக்கில் 800 முதல் 1000 வரை, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் பூசும்போதே அதில் மயிரிழை விரிசல்கள் விழுந்துவிடும். எண்ணெயில் ஓடும் தண்டுக்கு அது நல்லது, விரிசல் எண்ணெயைப் பிடித்துவைக்கும். கடலில் அதே வழியாக உப்புநீர் இறங்கி எஃகைத் தொடுகிறது. குரோம் அரிக்காமல் தப்பிக்க, அடியிலுள்ள சின்ன எஃகுப் புள்ளி மொத்த அரிப்பையும் வாங்கிக்கொள்கிறது. நிக்கல் அடிப்பூச்சு இதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மணல் வேறு இருக்கிறது. சாதாரணக் குவார்ட்ஸ் மணலே சுமார் 1100 விக்கர்ஸ். மணவாளக்குறிச்சிக் கருமணலில் கார்னெட்டும் சிர்க்கானும் கலந்திருக்கின்றன. பேக்கிங்கில் நாலு மணல்துகள் சிக்கினால் அது அரம்தான்.

உலோகமும் நைட்ரஜனும் சேர்ந்த நைட்ரைடு பூச்சுகளில் டைட்டானியம் நைட்ரைடு 2000 விக்கர்ஸைத் தாண்டும். ஆனாலும் கடல்நீர் உராய்வில் பெரும்பாலும் குரோமியம் நைட்ரைடுதான் தாக்குப்பிடிக்கிறது; அதன் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் காக்கிறது. இன்னொரு வேடிக்கை: கடல்நீரிலுள்ள மக்னீசியமும் கால்சியமும் உரசும் இடத்தில் மெல்லிய படிவாகப் படிந்து, உலர்ந்த காற்றைவிட உராய்வைக் குறைப்பதுண்டு. அதற்காகத் தேய்மானமும் குறையும் என்று கணக்குப் போட முடியாது. உரசல் படலத்தைச் சுரண்டும், உப்பு வெறும் பரப்பை அரிக்கும், அரித்த இடம் இன்னும் எளிதாகத் தேயும். வைரம் போன்ற கார்பன் பூச்சு நீரில் வழுக்குவதில் கெட்டி. அடியில் நீர் புகுந்தால் பாளமாக உரியும். இவை எல்லாம் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமே. பம்பில் கசிவை அடைக்கும் சீல் முகத்துக்குச் சரி, மணலில் சுழலும் ஷாஃப்டுக்குப் போதாது.

என் ஓட்டு, அதிவேகச் சுடரில் பொடியாகத் தெளிக்கும் டங்ஸ்டன் கார்பைடுக்கு. 100 முதல் 300 மைக்ரான் கனம், 1000 முதல் 1200 விக்கர்ஸ். கார்பைடுத் துகள்களைக் கோபால்ட் மட்டும் பிணைத்த பொடியை வாங்கிவிடக் கூடாது, உப்புநீர் கோபால்ட்டைக் கரைத்துத் துகள்களை உதிர்த்துவிடும். 10 சதவீதம் கோபால்ட்டும் 4 சதவீதம் குரோமியமும் கலந்தது வேண்டும். தெளித்த பிறகு வைரச் சக்கரத்தில் தீட்டி வழவழப்பாக்குவது கட்டாயம். தீட்டாத கார்பைடு பேக்கிங்கைத் தின்றுவிடும். செலவு குரோமைவிட அதிகம். கணக்கைப் பார்த்த அண்ணன் ஒன்றும் பேசவில்லை, உதிர்ந்த குரோம் செதிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷாஃப்ட் பூச்சுக்குப் போயிருக்கிறது. தடை முடியும் ஜூலை 31-க்குள் திரும்பி வர வேண்டும்.