லேக்கரா, வெள்ளியா, நிக்கலா: குமரிக் கடற்காற்றுக்கு எந்தப் பழைய பேண்டு வாத்தியம்?

பழைய ட்ரம்பெட், கார்னெட், யூஃபோனியம் வாங்க வருபவர்கள் முதலில் கம்பெனிப் பெயரைத்தான் கேட்பார்கள். குளச்சலிலும் முட்டத்திலும் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கப்போகும் வாத்தியத்துக்கு அதைவிட முக்கியமானது மேல்பூச்சு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. உப்பு ஈரம் பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தைத்தான் முதலில் தின்னும்.

விலையிலிருந்து தொடங்குவோம். 1930-க்கு முந்தைய அமெரிக்கப் பட்டியல்களில் ஒரே மாடலுக்கு நாலைந்து விலை போட்டிருக்கும். மெருகிட்ட வெறும் பித்தளை அடிவிலை. வெள்ளி முலாம் அதற்கு மேல். தங்க முலாம் உச்சம். வெள்ளியிலும் மணல் ஊதி மங்கலாக்கிய உடலும் உள்ளே பொன்பூச்சு பூசிய பெல்லும் (வாத்தியத்தின் விரிந்த வாய்) கொண்டது அன்று பெரிதும் விரும்பப்பட்டது. 1930-களில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் (வார்னிஷ் போன்ற, பித்தளை தெரியும் பூச்சு) பரவிய பிறகு லேக்கர் போட்ட பித்தளையே அடிவிலைச் சரக்கானது, வெள்ளி கூடுதல் காசுக்குரியதானது. அந்தப் பழக்கம் இன்றும் மாடல் எண்ணில் தெரியும்: பாக் கம்பெனியின் 180-37 லேக்கர், 180எஸ்37 வெள்ளி.

ஆங்கிலேயப் பட்டியலை ரூபாயில் படிக்கும்போது ஆண்டைப் பார்க்க வேண்டும். 20 பவுண்ட் என்பது முதல் உலகப்போருக்கு முன் 300 ரூபாய். 1927-க்குப் பின் ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்ட்) கணக்கில் 266 ரூபாய் 10 அணா 8 பை. 1966 ஜூன் மதிப்புக்குறைப்புக்குப் பின் அதே 20 பவுண்ட் 420 ரூபாய். கின்னியில் எழுதியிருந்தால் ஒரு கின்னி 21 ஷில்லிங் என்று கணக்கிடுங்கள். இதைக் கவனிக்காமல் இரண்டு பழைய பட்டியல்களை ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் வரும்.

இனி, எது தாங்கும்?

நிக்கலைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கெட்டியானது, கருக்காது, மலிவு. ஆனால் முலாமில் ஊசித்துளை இருந்தால் உப்பு அதன் வழியே இறங்கிக் கீழுள்ள பித்தளையை அரிக்கும். பிறகு நிக்கல் செதில் செதிலாக எழும்பிக் கையைக் கிழிக்கும். எழும்பியதைப் பஃப் (மெருகேற்றும் துணிச்சக்கரம்) போட்டுச் சரிசெய்ய முடியாது. சிலருக்கு உதடு அரிக்கும் என்பதால் நிக்கல் மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் பாகம்) மட்டும் வேண்டவே வேண்டாம்.

லேக்கர் முழுதாக இருக்கும்வரை நல்ல காவல். கீறல் விழுந்தால் அதன் வழியே உப்பு உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியில் நூல் நூலாகக் கருங்கோடு ஓடும். முதலில் போவது இடது கை பிடிக்கும், விரலால் அழுத்தும் வால்வுகள் உள்ள பகுதி. இதில் பெரிய ஏமாற்று, மறு லேக்கர். பழைய பூச்சை எடுக்கப் பஃப் சக்கரத்தில் பிடிக்கும்போது தகடும் தேய்கிறது. பெல் தகடு சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதில் தேய்ந்தது திரும்பாது. சீரியல் எண்ணின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, செதுக்கிய பூவேலையின் மெல்லிய கோடுகள் பாதி மறைந்திருக்கின்றனவா, பற்றவைத்த மூலைகளில் பாலிஷ் அழுக்கு லேக்கருக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அது எவ்வளவு மின்னினாலும், திட்டுத் திட்டாக உரிந்த அசல் லேக்கருக்குக் கொடுக்கும் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

வெள்ளி கருக்கும், ஆனால் அரிக்காது. கருப்பு என்பது வெள்ளி சல்ஃபைடு. ரப்பர் பேண்டும், பழைய பெட்டியின் கம்பளித் துணியும்கூட அதை உண்டாக்கும். லேக்கர் இல்லாத வெள்ளிப் பாகத்தை வால்வு, ஃபெல்ட் எல்லாம் கழற்றிவிட்டு, அலுமினியத் தாளின் மேல் வைத்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்ட சுடுநீர் ஊற்றினால் கருப்பு வெள்ளியாகவே திரும்பும், தேய்மானம் இல்லை. லேக்கர் வாத்தியத்துக்குச் சுடுநீர் ஆகாது, பூச்சு உரிந்துவிடும், வெதுவெதுப்பே போதும். பெல்லின் உள்ளே இருக்கும் பொன்பூச்சு மிக மெல்லியது, அதைத் தேய்க்கவே கூடாது.

வெள்ளியா நிக்கலா என்று சந்தேகம் வந்தால் மறைவான இடத்தில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சற்று நேரம் ஒட்டிவையுங்கள். கருத்தால் வெள்ளி.

வெறும் பித்தளைக்கு நம் வீட்டு நிலவிளக்குப் பழக்கம்தான் எதிரி. புளி போட்டால் களிம்பு போய்ப் பளிச்சென்று வரும், உண்மைதான். வார்ப்பு விளக்கு கனமானது, தாங்கும். மெல்லிய தகட்டிலோ புளியின் அமிலம் துத்தநாகத்தை இழுத்துச் செம்பு நிறத் திட்டை விட்டுப்போகும். அமோனியா கலந்த பாலிஷ் அதைவிட மோசம். மழைக்காலத்தில் இந்தியாவில் ஆங்கிலேயப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் தானே விரிசல் விட்டுப் பிளந்தன. உறையைச் செய்தபோது தகட்டில் தங்கிவிட்ட இழுவிசையோடு குதிரைச் சிறுநீரின் அமோனியா சேர்ந்ததுதான் காரணம் என்று 1921-இல் தெளிவானது. வளைத்து முறுக்கிய வாத்தியக் குழாயிலும் அதே இழுவிசை உறைந்து கிடக்கிறது.

பூச்சு எதுவானாலும் மவுத்பீஸ் செருகும் குழாயை டார்ச் அடித்துப் பாருங்கள். ரோஜா நிறப் புள்ளி, நடுவில் கருமை தெரிந்தால் எச்சில் உள்ளிருந்து அரித்திருக்கிறது. அந்தக் குழாயை மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

எங்கள் தீர்ப்பு: கடற்கரை ஊர்களுக்கு, பித்தளை தெரியாத அசல் வெள்ளி முலாம், கருத்திருந்தாலும் சரி. கடலிலிருந்து தள்ளியிருக்கும் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் அசல் லேக்கரே போதும், காசும் மிச்சம். வெள்ளி தேய்ந்து பித்தளை எட்டிப்பார்க்கிறதென்றால் மறுமுலாம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். ஒடுக்கு எடுத்து, பழையதைக் கழற்றி, மீண்டும் முக்குவதற்குள் வாத்தியத்தின் விலையையே தாண்டிவிடும்.

இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் இரட்சணிய சேனை தன் இசைக்குழுக்களுக்கென்று நடத்திய தொழிற்சாலையின் வாத்தியங்களுக்கும், பெஸன் (Besson), பூசி (Boosey) கம்பெனிகளின் பழைய வாத்தியங்களுக்கும் இன்னொரு சோதனை உண்டு. 1960-களின் நடுவரை ஆங்கிலேய பேண்டுகள் உயர்ந்த சுருதியில், ஏ என்ற ஸ்வரம் வினாடிக்கு 452 அதிர்வு என்ற கணக்கில், வாசித்தன. இன்றைய 440-க்கு அதைக் கொண்டுவர ட்ரம்பெட்டின் பெரிய ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்) சுமார் 2 சென்டிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும், வால்வு ஸ்லைடுகளையும் அதே விகிதத்தில். கீபோர்டோடு சேர்ந்து ஒரு ஸ்வரம் ஊதிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.