டைம்ஸ்கேல்டிபி பாவித்துப் பார்த்ததில்: கொழும்பு நேரத்தை மட்டும் மறக்காதீர்கள்

சென்சர்களிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் வந்து குவியும் டேட்டாவை எங்கே போடுவது என்று யோசிக்கும் சின்னக் குழுவா, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஏற்கனவே தெரியுமா, அப்படியென்றால் டைம்ஸ்கேல்டிபியையே போடுங்கள். புறக்கோட்டைப் பக்கம் பழங்கள் வைக்கும் குளிரறைகளின் வெப்பநிலையை நாங்கள் அதில்தான் சேமிக்கிறோம். 2017இல் வெளிவந்தது. போஸ்ட்கிரெஸுக்கு மேல் போடும் எக்ஸ்டென்ஷன் என்பதால் புது மொழி படிக்கத் தேவையில்லை, எந்த அறை யாருடையது என்ற சாதாரண டேபிளையும் வெப்பநிலையையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்கலாம்.

வெளியில் ஒரே டேபிள்தான் தெரியும். உள்ளே நேரப்படி துண்டு துண்டாகப் பிரித்திருக்கும், நீங்கள் வேறு அளவு சொல்லாவிட்டால் துண்டுக்கு 7 நாள். நேற்றைய கணக்கைக் கேட்டால் பழைய துண்டுகளைத் தொடாது. பழையதை அழிப்பதும் லேசு, வரி வரியாக டிலீட் செய்து வெக்யூம் என்ற துப்புரவு வேலை ஓடும்வரை காத்திருக்காமல் முழுத் துண்டையே தூக்கிவிடும்.

அப்புறம், இங்கே இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். நாள் சராசரிக்கு டைம் பக்கெட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் நேர வலயத்தோடு சேமித்த டேட்டாவை அது யூடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில்தான் வெட்டும். அதாவது உங்கள் நாள் காலை 5.30க்குத் தொடங்கும், விடியப்புறம் லொறி வந்து கதவு திறந்து கிடந்தபோது ஏறிய சூடு முந்தைய நாள் கணக்கில் போய் விழும். ஃபங்ஷனுக்குள் 'ஆசியா/கொழும்பு' வலயத்தையும் சேர்த்துக் கொடுத்தால் சரி. ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டாதீர்கள்! 1996இல் இலங்கை இரண்டு முறை நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில்தான் திரும்ப +5:30க்கு வந்தது. பழைய மழைவீழ்ச்சிப் பதிவு மாதிரி ஏதாவது ஏற்றினால் இடைப்பட்ட பத்து வருடமும் பிழைத்துவிடும்.

கரண்ட் போனால் டேட்டாவில் ஓட்டை விழும். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்க மின்சாரம் போனதே, அந்த மாதிரி நாட்களைச் சொல்கிறேன். ஓட்டையைக் கடைசியாக வந்த பெறுமதியால் நிரப்பும் வசதி இதில் உண்டு. குளிரறைக்கு அதைப் பாவிக்கவே வேண்டாம், ஏனென்றால் அறை சூடேறிக்கொண்டிருந்த நேரத்துக்கு வரைபடம் நேர்கோடு காட்டும், அதை நம்பி ஒருவர் பழத்தை விற்பார். வெறுமையாகவே காட்டுங்கள்.

குறை என்றால், பழைய டேட்டாவைத் தானாக அழிக்கும் விதியும், கணக்கிட்டுச் சேமித்து வைத்த சராசரிகளைத் தானாகப் புதுப்பிக்கும் விதியும் ஒன்றோடொன்று மோதக்கூடியவை. புதுப்பிக்கும் காலம் அழித்த காலத்தையும் தொட்டால், சேர்த்து வைத்த சராசரியும் சேர்ந்தே அழிந்துபோகும். ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் மென்பொருளே நிறுத்தி எச்சரித்திருக்க வேண்டும். 90 நாளில் அழிப்பதென்றால் புதுப்பிப்பதை அதைவிடக் குறுகிய காலத்துக்குள் வையுங்கள்.

அமேசானின் ஆர்டிஎஸ் என்ற வாடகைத் தரவுத்தளச் சேவையில் டைம்ஸ்கேல்டிபி கிடையாது. மைக்ரோசாஃப்டின் அஸூர் போஸ்ட்கிரெஸ் சேவையில் கிடைப்பது அப்பாச்சி உரிமத்தில் வரும் குறைந்த வசதிப் பதிப்பு, அதில் டேட்டாவைச் சுருக்கும் வசதியும் தானாகப் புதுப்பிக்கும் சராசரிகளும் இல்லை, இவை இரண்டுக்காகத்தான் பலர் இதைத் தேடியே வருகிறார்கள். சொந்தச் சேர்வரில் நிறுவினால் எல்லாமே காசில்லாமல் கிடைக்கும், தரவுத்தளச் சேவையாக மற்றவர்களுக்கு விற்கத்தான் உரிமம் விடாது.