400 கிலோமீட்டருக்கு எது உகந்தது: டர்போபிராப்பா, ஜெட்டா, இணைப்பு விமானமா?

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே 400 கிலோமீட்டர் என்று இணையக் கணிப்பான் காட்டினால், அது பூமியின் வளைந்த மேற்பரப்பில் அளந்த மிகக் குறுகிய தூரம் மட்டுமே. விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. இயன்றவரை காற்றை எதிர்த்தே மேலெழ வேண்டும் என்பதால், சில நாட்களில் போக வேண்டிய திசைக்கு நேர் எதிராகக் கிளம்பித் திரும்பி வர நேரும். இறங்கும்போதும் ஓடுதளத்துக்கு நேராக வந்து சேர ஒரு சுற்று கூடலாம். அட்டவணையில் நாம் பார்க்கும் நேரமோ, நின்ற இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், சேருமிடத்தில் நின்று சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கும் வரையிலானது. இதைத்தான் 'பிளாக் டைம்' என்கிறார்கள். ஒப்பிட வேண்டியதும் இதையே.

ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் (டர்பைன் எஞ்சின் சுழற்றும் புரொப்பெல்லரால் பறக்கும் விமானம்) மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்திலும், ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் 800 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். வெறும் வகுத்தல் கணக்கில் முன்னதற்கு 48 நிமிடம், பின்னதற்கு 30 நிமிடம். ஆனால் ஜெட்டின் இந்த வேகம் உயரத்தில்தான் கைகூடும். ஆயிரம் அடி இறங்க 3 கடல் மைல் என்பது விமானிகளின் வழக்கமான கணக்கு. 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 194 கிலோமீட்டர் தேவை. பாதி வழி இறக்கத்துக்கே போய்விடுவதால், இவ்வளவு குறுகிய தடத்தில் ஜெட் அந்த உயரத்துக்குப் போவதில் பெரிய பயனில்லை. ஆகவே காகிதத்தில் தெரியும் 18 நிமிட ஆதாயம் நடைமுறையில் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. ஜெட்டுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும்: மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் அதற்கு இரண்டு நிமிடம்தான் கூடும்; டர்போபிராப்புக்கோ ஆறேழு நிமிடம் கூடிவிடும்.

நேரம் உண்மையில் கரைவது தரையில்தான். பல சிறிய நிலையங்களில் ஓடுதளத்துக்கு இணையான தனிப்பாதை கிடையாது. விமானம் ஓடுதளத்தின் மீதே மறுமுனை வரை மெதுவாக ஊர்ந்து, அங்கே அரை வட்டமாகத் திரும்பிய பிறகே கிளம்ப முடியும். அதுவரை வேறெந்த விமானமும் அங்கே இறங்க முடியாது. ஓடுதளம் குட்டையாக இருந்தால் ஜெட் என்ற தேர்வே எழாது. டர்போபிராப்பின் மேல்பெட்டி சிறியது என்பதால், சற்றே பெரிய கைப்பையையும் படிக்கட்டருகே வாங்கிச் சரக்கறையில் வைத்துவிடுவார்கள் என்பதையும் நினைவில் கொள்க.

பெரிய நிலையம் வழியாகச் செல்லும் இணைப்பு விமானம் மூன்றாவது தேர்வு. தலா 1 மணி 10 நிமிடம் என இரண்டு பயணங்களும், இடையில் ஒன்றரை மணி நேரக் காத்திருப்பும் சேர்ந்தால் 3 மணி 50 நிமிடம் ஆகிறது. நேர் விமானம் இருக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் நேர் சேவை நாளுக்கு ஒன்றே என்றிருந்து, அதுவும் மூடுபனியால் ரத்தானால், மறுநாள் வரை காத்திருப்பதைவிட இந்தச் சுற்றுவழியே மேல். அப்போதும் இரு பயணங்களையும் ஒரே முன்பதிவில் எடுப்பது அவசியம். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட்டின் இழப்பு பெரும்பாலும் பயணியின் தலையில்தான் விழும்.