கும்பகோணத்தில் ஏழு ஆண்டுகள்: சிறுநகரம் குடியிருக்க ஏற்றதுதானா?

2018-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, வேளச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கும்பகோணத்துக்குக் குடிவந்தோம். நான், மனைவி, அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மகள், என் அப்பா என நான்கு பேர். கட்டடங்களுக்கான கம்பி வரைபடங்களைத் தயாரிப்பது என் தொழில். கணினியும் இணையமும் இருந்தால் எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். சென்னை நண்பர்கள் என்னைக் கொடுத்துவைத்தவன் என்றார்கள். கும்பகோணத்து அக்கம்பக்கத்தாரோ, அங்கிருந்து யாராவது இங்கே வருவார்களா என்று வியந்தார்கள். முன்னவர்கள் இந்த ஊரைக் கோயிலுக்கு வந்து பார்த்தவர்கள். பின்னவர்கள் சென்னையைக் கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்தவர்கள். இரண்டு ஊரிலும் வாடகை கொடுத்து வாழ்ந்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அளவைச் சொல்லிவிட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் ஏறத்தாழ 1.40 லட்சம் பேர். 1866-இல் நகராட்சியான இந்த ஊர், தாராசுரம் உள்ளிட்ட பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு 2021-இல்தான் மாநகராட்சியானது. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் நெருக்கமாக அமைந்த ஊர் என்பதால், எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் வண்டியில் இருபது நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் இந்த 1.40 லட்சம் என்ற எண்ணை வைத்து ஊரை எடைபோட்டால் தவறிவிடுவோம். திருநாகேசுவரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், ஆலங்குடி என்று நவக்கிரகத் தலங்கள் சுற்றிலும் இருப்பதால், சனி ஞாயிறுகளிலும் பெயர்ச்சி நாள்களிலும் வெளியூர் வேன்கள் வந்து குவிகின்றன. இவர்களை நம்பித்தான் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பேருந்துகளும் நடக்கின்றன. 1972-இல் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே அரசுப் பேருந்துக்கு இது தலைமையிடம் என்பதும் சேர்ந்துகொள்ள, நடுநிசியில் வந்திறங்கினாலும் தஞ்சைக்கோ மயிலாடுதுறைக்கோ வண்டி கிடைக்கிறது. ஆகவே நான் அனுபவித்த வசதிகள் இதே மக்கள்தொகையுள்ள வேறோர் ஊரில் கிடைக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

இங்கே நான் பெற்ற முதல் லாபம் நேரம். சென்னையில் என் மனைவி ஆசிரியையாக இருந்த பள்ளிக்குப் போக ஒரு மணி பத்து நிமிடம், வர அதைவிடக் கூடுதலாகவே ஆகும். இங்கே கொட்டையூர்ப் பக்கம் நாங்கள் எடுத்த வீட்டிலிருந்து அவள் சேர்ந்த பள்ளி பன்னிரண்டு நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் என்பதைச் சொல்லிவிடலாம். மாலை நாலரைக்கே வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதன் பொருளை இருந்து பார்த்தால்தான் உணர முடியும். மகள் பள்ளிவிட்டு வரும்போது அவளுக்குக் கதவைத் திறக்க ஆள் இருந்தது. சென்னையில் சாவி அவள் பையில் இருந்தது. காலையில் தாராசுரம் சந்தைக்குப் போய் ஒரு வாரத்துக் காய்கறியுடன் திரும்பி வந்தும் எட்டு மணிக்கு வேலையில் உட்கார முடிந்தது. பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச, ஓட்டை விழுந்த காபி ஃபில்டரைப் பற்றவைக்க, கிழிந்த பையின் ஜிப்பை மாற்ற ஆள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. சென்னையில் இவை ஒவ்வொன்றுக்கும் புதிதாக வாங்கிக்கொள்வதே வழியாக இருந்தது.

இனிக் கணக்கு. வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 18,000 ரூபாய் கொடுத்தோம். இங்கே அதைவிடப் பெரிய வீட்டுக்கு 8,500. மாதம் 9,500 மிச்சம் என்று மகிழ்ந்திருந்த வேளையில், 24,000 வாங்கிக்கொண்டிருந்த மனைவிக்கு அதே பாடம், அதே வகுப்பு, பதினோரு ஆண்டு அனுபவம் எல்லாவற்றையும் பார்த்த பிறகு இங்கே சொன்ன சம்பளம் 11,000. அதாவது வாடகையில் மிச்சமானதைவிடச் சம்பளத்தில் போனது அதிகம். சிறுநகரத்தில் செலவு குறைவு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப்போல வெளியூர்ச் சம்பளத்தை உள்ளூரில் செலவழிப்பவர்கள், அல்லது ஓய்வூதியக்காரர்கள். உள்ளூரிலேயே சம்பாதித்து உள்ளூரிலேயே செலவழிக்கிறவருக்கு இந்த ஊர் மலிவான ஊர் அன்று. பால், அரிசி, எரிவாயு, பெட்ரோல் ஆகியவற்றின் விலை எங்கேயும் ஏறத்தாழ ஒன்றுதான். குறைவாக இருப்பவை வாடகையும் கூலியும். அந்தக் கூலியை வாங்கும் இடத்தில் நாம் இருக்கிறோமா, கொடுக்கும் இடத்தில் இருக்கிறோமா என்பதைப் பொறுத்து ஊர் இனிக்கவும் செய்யும், கசக்கவும் செய்யும். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனே 1912-இல் குமாஸ்தா வேலைக்குச் சென்னைத் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது என்று என் மனைவி அவ்வப்போது நினைவூட்டுவாள். அவள் கணக்கு ஆசிரியை. சொல்ல உரிமை உண்டு.

வீடு தேடியபோது நேர்ந்த ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பார்த்த ஆறு வீடுகளில் நான்கில், வாடகையைச் சொல்வதற்கு முன்பே, "குலதெய்வம் எந்த ஊரு சார்?" என்று கேட்டார்கள். பக்தி விசாரணை என்று நினைத்து முதல் வீட்டில் அப்பா விரிவாகவே பதில் சொன்னார். மறுநாள், வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்று தகவல் வந்தது. ஆனால் 'வாடகைக்கு' என்ற அட்டை அடுத்த மாதமும் அந்த வாசலிலேயே தொங்கியது. சென்னையிலும் இது இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே ஒரு தெருவில் மறுத்தால் போக ஆயிரம் தெரு இருக்கிறது. இங்கே தரகர்கள் பத்துப் பேர், அவர்கள் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

இணையம், மின்சாரம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் பெரிய வரைபடக் கோப்பை அனுப்ப இரவு முழுவதும் காத்திருந்தேன். 2020 ஊரடங்கில் பெருநகரங்களிலிருந்து பிள்ளைகள் மடிக்கணினியுடன் திரும்பி வந்த பிறகு கண்ணாடியிழை இணைப்புத் தெருத்தெருவாக வந்தது, அதன்பின் குறையில்லை. கொசுவும் சித்திரை மாதப் புழுக்கமும் குறையே. முகூர்த்த நாள்களில் நகரின் நடுவே வண்டி ஓட்டுவது வேளச்சேரியை ஏக்கத்துடன் நினைக்க வைக்கும். மகாமகக் குளத்தைச் சுற்றி நாள்தோறும் நடக்கிறேன். 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது, அப்போது இருந்தால் ஒரு வாரம் வெளியூர் போய்விடுவதாக உத்தேசம்.

மருத்துவத்தைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சளி, காய்ச்சல், பல்வலி, சர்க்கரை, பிரசவம் வரை இங்கே நல்ல மருத்துவர்கள் உண்டு. பலர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிடுகிறார்கள். 2022 அக்டோபரில் ஓர் இரவு, ஒன்பதே முக்கால் மணிக்கு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் வலது கை தட்டிலேயே விழுந்துவிட்டது, வாய் கோணியது. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதும், அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்து, உள்ளே இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பதும் எனக்கு அன்று தெரியாது. பத்து நிமிடத்தில் அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஸ்கேன் இயந்திரம் இருந்தது. அதை இயக்குபவர் காலையில்தான் வருவார். அவருக்குத் தொலைபேசியில் முயன்றதில் நாற்பது நிமிடம் போனது. பிறகு ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகப் பழைய சாலையில் நாற்பது கிலோமீட்டர்; வளைவுகளும் வேகத்தடைகளும் நிறைந்த அந்தச் சாலையில் ஒரு மணிக்குச் சற்று அதிகம் ஆனது. பன்னிரண்டரை மணிக்கு ஊசி போட்டார்கள். அப்பா பிழைத்தார், நடக்கிறார். வலது கையில் பேனா மட்டும் நிற்பதில்லை. நேரம் தாண்டவில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் இந்த நோயில் நாலரை மணி என்பது கடைசி எல்லை, அதற்குள் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் ஏதோவொன்றை எடுத்துக்கொண்டு போகிறது என்பதையும் அவரே சொன்னார். வேளச்சேரியில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் பதினைந்து நிமிடத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போயிருப்போம். எங்கள் வீட்டில் இந்த ஊரைப் பற்றிய பேச்சு அந்த இரவுக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் புறப்பட்ட வேளையில் நடந்ததையும் சொன்னால்தான் கணக்கு நேராகும். எதிர்வீட்டு அம்மாள் மகளைத் தம் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டார். தெருமுனை மருந்துக் கடைக்காரர், கேட்காமலேயே, கையில் இருபதாயிரம் ரூபாயைத் திணித்தார். மூன்று வாரம் காலைச் சாப்பாடு வேறொரு வீட்டிலிருந்து வந்தது. இதே தெருதான், மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது வகுப்புத் தோழனுடன் பாலக்கரையில் கரும்புச் சாறு குடித்ததை, அவள் வீடு வந்து சேர்வதற்குள் எங்களுக்குத் தெரிவித்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவளுக்குப் பட்டது, இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அன்றுதான் என்று பின்னால் சொன்னாள்.

படிப்பைப் பொறுத்தவரை பத்தாம் வகுப்பு வரை எந்தக் குறையும் தெரியவில்லை. 1854-இல் தொடங்கிய அரசுக் கலைக் கல்லூரியைக் காவிரிக் கரையில் வைத்துக்கொண்டு கல்வியில் பின்தங்கிய ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கட்டடக்கலை படிக்க விரும்பிய மகள், அதன் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தர ஆள் கிடைக்காமல், ஓராண்டு சனிக்கிழமைதோறும் திருச்சிக்குப் போய்வந்தாள். போக வர நூற்றெண்பது கிலோமீட்டருக்கும் மேல். கலை, அறிவியல், வணிகம் என்று பழகிய பாதையில் போகிற பிள்ளைக்கு இந்த ஊர் போதும். பாதை சற்று விலகினால் பயணம் தொடங்கிவிடுகிறது. 2025 ஜூலையில் அவள் சென்னையில் கல்லூரியில் சேர்ந்தாள். பகலில் சோழன், இரவில் உழவன் என்று ரயில் இருப்பதாலும், விக்கிரவாண்டிச் சாலையின் பெரும்பகுதி ஒருவழியாக அகலமாகிவிட்டதாலும், மாதம் ஒரு முறை வந்துபோக முடிகிறது.

அரசு அலுவலகம் என்ற வகையில் சிறிய எரிச்சல் ஒன்று உண்டு. கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. கும்பகோணம் இன்னும் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான். மாவட்ட ஆட்சியரகத்தில் முடிக்க வேண்டிய காரியம் என்றால் ஒரு பகல் போய்விடும். ஏழு ஆண்டுகளில் எனக்கு அப்படி நான்கு பகல்கள் போயின, அது தாங்கக்கூடியதே.

ஒரு ஊரில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் எழுதுவதால் பயனில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொன்றும் நமக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை தேவைப்படுகிறது, தேவைப்படும் அன்று எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். தினமும் வேண்டியவை இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை வேண்டியவை தஞ்சையிலும் திருச்சியிலும் இருப்பதில் எனக்குப் புகாரில்லை, ஏனென்றால் ஆட்சியரகமும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் காத்திருக்கும். வாழ்நாளில் ஒரு முறை, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் வேண்டியது மட்டும் காத்திருக்காது. பத்து வயதுக் குழந்தையுடன் வெளியூர் வருமானத்துடன் வருகிற குடும்பத்துக்கு இந்த ஊரை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இருவருமே உள்ளூரில் வேலை தேட வேண்டிய குடும்பத்திடம் சம்பளத்தை உறுதி செய்துகொண்டு வாருங்கள் என்பேன். ஓய்வுக்காலத்துக்கு ஏற்ற ஊர் என்று எல்லோரும் சொல்வதுதான் எனக்கு ஐயமாக இருக்கிறது. கோயிலும் காபியும் அமைதியும் முதியவர்களுக்கு வேண்டும்தான், ஆனால் இரவு பத்து மணிக்கு ஸ்கேன் எடுக்கிறவர் அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அதிகமாக வேண்டியிருக்கிறார்.

அப்பா இதை ஏற்கவில்லை. அவருக்குக் கும்பேசுவரர் கோயில் நடையும், இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடிக்கிற டிகிரி காபியும், தினமும் அதே திண்ணையில் சந்திக்கிற மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். "எழுபத்தேழு வயசுல புது ஊர்ல யாரோடடா பேசுவேன்?" என்று கேட்கிறார். சென்ற மாதம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். வீட்டுக்காரர் ஐந்நூறு ரூபாய் ஏற்றினார், பேசாமல் கையெழுத்திட்டேன். மனைவி திருச்சியில் புத்தூர்ப் பக்கம் இரண்டு வீடுகளை விசாரித்து, வாடகையையும் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்பதையும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான்.